முகச் சருமத்துக்கு உறுதி தரும் கிரீமைச் செய்யத் தொடங்குவோருக்கு

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் மாமி ஒருவர், போன மழைக்காலத்தில் ஒரு கிரீம் குப்பியோடு என் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து மகள் வாங்கி அனுப்பிய, சருமத்தை இறுக்கும் என்று உறையில் எழுதியிருந்த, விலை மிகுந்த கிரீம் அது. மூடியைத் திறந்து பார்த்தபோது, வழவழப்பான மேற்பரப்பில் ஒரே ஒரு விரல்குழிதான் இருந்தது. "நல்ல கிரீம்தான்னு தோண்றது, ஆனா இதைப் பூசிண்டு படுத்தா தலகாணி உறை கன்னத்தோட ஒட்டிண்டு வரது" என்றார். சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். உறுதிக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அளவில் தண்ணீருக்கு அடுத்த இடத்தில் கிளிசரினும், அதையடுத்து ஷியா வெண்ணெயும் இருந்தன. குளிர்ந்து வறண்ட ஊரை மனத்தில் வைத்துச் செய்த அந்தக் கிரீம், காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் மும்பையின் ஆடி மாத இரவுக்குப் பொருந்தவில்லை.

சொந்தமாகக் கிரீம் செய்து பழக விரும்பி வருவோரிடம் நான் முதலில் சொல்வது அந்த ஒற்றை விரல்குழியைப் பற்றித்தான். உறுதிக்கெனச் சேர்க்கும் பொருள்கள், நாள் தவறாமல் 12 வாரம் பூசப்பட்ட ஆய்வுகளில்தான் தம் பலனைக் காட்டியிருக்கின்றன. எண்பது தொண்ணூறு இரவுகள் ஒருவர் மனம் உவந்து பூசும்படி கிரீம் அமையாவிட்டால், உள்ளே எதைப் போட்டும் பயனில்லை. ஆகவே பூசுவதற்கு இதமாக இருக்கும் தன்மையைக் கடைசியில் சேர்க்கும் அலங்காரமாகக் கருதாமல், பலன் கிடைப்பதற்கான முதல் தேவையாகக் கொண்டே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

கிரீமால் ஆவதும் ஆகாததும்

சருமத்தின் உறுதி, மேல்தோலுக்குக் கீழே இருக்கும் உள்தோலில் அமைந்திருக்கிறது. அங்கே கொலாஜன் என்னும் புரத நார்கள் தாங்கும் வலிமையையும், எலாஸ்டின் என்னும் நார்கள் இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் நெகிழ்வையும் தருகின்றன. வயது ஏற ஏறப் புதிய கொலாஜன் உருவாவது குறைகிறது. வெயிலின் புறஊதாக் கதிர்களோ இருக்கும் கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. கொலாஜன் குறைகிறது என்றால் கொலாஜனையே பூசிக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். அதன் மூலக்கூற்று எடை, அதற்குரிய அலகான டால்டனில், ஏறத்தாழ 3,00,000. நலமான தோலை 500 டால்டனுக்கு மேற்பட்ட பொருள்கள் கடந்து செல்வது அரிது என்று போஸ், மெய்னார்டி என்னும் இருவர் 2000-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். எனவே பூசப்படும் கொலாஜன் மேலேயே தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். உள்ளே போய் நாராக மாறாது.

நல்ல கிரீம் ஒன்றிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவை சில உண்டு. மெல்லிய சுருக்கங்கள் ஓரளவு மங்கும். தோல் ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். தொட்டால் சற்றே திண்ணென்று இருக்கும். தாடைக்குக் கீழே தொங்கும் சதையை எந்தக் கிரீமும் தூக்கி நிறுத்தாது. இதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டவர்கள்தான் அளவுக்கு மீறி மருந்தைக் கொட்டாமல் பொறுமையாகச் செய்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவில் எதைப் பூசினாலும், பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெயிலில் நடந்தால், ஒரு கையால் கட்டியதை மறு கையால் இடிப்பதாகும். சன்ஸ்கிரீனை மட்டும் வீட்டில் செய்யக் கூடாது. அதன் காப்பளவை ஆய்வகத்தில்தான் அளக்க முடியும், கண்ணால் பார்த்தோ தொட்டோ அறிய முடியாது.

உறுதிக்கான பொருள்கள்

புதியவர்கள் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் வலிமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது காற்றிலும் ஒளியிலும் விரைவாகச் சிதைகிறது. அளவு கொஞ்சம் கூடினாலும் தோல் உரிந்து எரிகிறது. கருவுற்றவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த டிரெட்டினாயின், மருத்துவர் சீட்டின்பேரில் தர வேண்டிய மருந்து; அது நம் கைவேலைக்கு உரியதன்று.

நியாசினமைடு என்னும் வைட்டமின் பி3 வடிவம், தொடங்குவோருக்கு மிகவும் ஒத்துழைக்கும் பொருள். நீரில் எளிதாகக் கரையும், சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு. 50 பெண்களின் முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் 5 விழுக்காடு நியாசினமைடு பூசி 12 வாரம் கவனித்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. மெல்லிய சுருக்கங்கள் குறைந்ததையும் தோலின் நெகிழ்வு கூடியதையும் அது பதிவுசெய்தது. கிரீமின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும். புளிப்பு மிகுந்தால் நியாசினமைடு மெல்ல நிக்கோடினிக் அமிலமாக மாறி முகத்தைச் சிவக்கவைக்கும்.

அடுத்தது பெப்டைடுகள். பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு-4 என்பது, அமினோ அமிலங்கள் ஐந்து கோத்த சிறு சங்கிலியோடு, தோலின் கொழுப்படுக்கில் நுழைவதற்கு உதவும் ஒரு கொழுப்பு வாலை இணைத்து உருவாக்கிய பொருள். 93 பெண்களைக் கொண்டு 12 வாரம் நடந்து, இதுவும் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், அதைப் பயன்படுத்திய அளவு பத்து லட்சத்தில் மூன்று பங்குதான். கடையில் கிடைப்பது தூளாக இருக்காது. மிக நீர்த்த கரைசலாகவே வரும். அந்தக் கரைசலில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு பெப்டைடு இருக்குமானால், கிரீமில் 3 விழுக்காடு கரைசலைச் சேர்த்தால் ஆய்வில் இருந்த அளவு வந்துவிடும். வாங்கும்போது இந்தச் செறிவைக் கேட்டறியாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது பொருள் நம் பாட்டிமார் அறிந்த ஒன்றிலிருந்து வருகிறது. நலங்கு மாவு அரைக்கும்போது பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூவோடு போடும் கார்போகரிசியிலிருந்துதான் பாக்குச்சியால் பிரித்தெடுக்கப்படுகிறது. 44 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு 0.5 விழுக்காடு பாக்குச்சியாலை நாளுக்கு இருமுறையும், மற்றதற்கு அதே அளவு ரெட்டினாலை இரவில் ஒருமுறையும் கொடுத்து 12 வாரம் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் பிரிட்டிஷ் தோலியல் இதழில் அச்சேறியது. சுருக்கமும் கருமையும் இரு குழுவிலும் ஒத்த அளவில் குறைந்தன. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் குழுவில்தான் அதிகம். இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. கார்போகரிசியை அரைத்தோ எண்ணெயில் ஊறவைத்தோ கிரீமில் கலக்கக் கூடாது. அதிலுள்ள சோராலன் என்னும் பொருள் வெயில் பட்டால் தோலைக் கருக்கிப் புண்ணாக்கும். கழுவிவிடும் நலங்கு மாவு வேறு, இரவெல்லாம் முகத்தில் தங்கும் கிரீம் வேறு. சோராலன் நீக்கித் தூய்மைப்படுத்திய பாக்குச்சியால் மட்டுமே நமக்கு வேண்டும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

வல்லாரையைப் பற்றி எல்லோரும் கேட்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைடு கொலாஜன் உருவாவதைத் தூண்டக்கூடியது என்று படித்த உற்சாகத்தில், மாட்டுங்கா சந்தையில் ஒரு கட்டு வல்லாரை வாங்கிச் சாறு பிழிந்து கிரீமில் ஊற்றினேன். முதல் வாரம் இளம்பச்சையாக அழகாக இருந்தது. பதினோராம் நாள் மூடியைத் திருகியபோது, மூடியின் உட்புறத்தில் உளுந்தின் பருமனில் சாம்பல் நிறப் பூசணம் ஒன்று மெல்லிய மயிர் முளைத்து நின்றது. பச்சைச் சாறு நுண்ணுயிர்களுக்கு விருந்து. வல்லாரை வேண்டுமென்றால், செறிவு குறிக்கப்பட்ட தூய சாரத்தை வாங்கிச் சேருங்கள். முதல் கிரீமில் அதுவும் வேண்டாம்.

பூசியவுடனே தோல் இழுத்துப் பிடித்ததுபோல் தோன்றுவதற்குச் சேர்க்கும் பொருள்கள் வேறு வகை. புல்லுலான், கருவேலம் பிசின், நீராற்பகுத்த கோதுமைப் புரதம் ஆகியவை காய்ந்து மெல்லிய படலமாகச் சுருங்குவதால் அந்த உணர்வு வருகிறது. முகத்தைக் கழுவினால் போய்விடும். ஒரு விழுக்காட்டுக்குள் சேர்த்தால் தவறில்லை. மேலே போனால், அடுத்துப் பூசும் சன்ஸ்கிரீனோடு சேர்ந்து அழுக்குத் திரி போல உருண்டு வரும். காபீனும் சிறிது நேரத்துக்கு வீக்கத்தைக் குறைத்துக் காட்டும். ஆனால் அறை வெப்பத்தில் அது நீரில் 2 விழுக்காடு அளவே கரையும். 3 விழுக்காடு போட்டுச் சூட்டில் கரைத்துவிட்டேன் என்று மகிழ்ந்து குளிர்பெட்டியில் வைத்த கிரீமை மறுநாள் தொட்டால், விரலுக்கிடையில் சர்க்கரை போல நறநறக்கும்.

இதம் எங்கிருந்து வருகிறது

கிரீம் செய்வதற்கு முன்பே செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. இதைத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு பல கிலோ கிரீமை வீணாக்குகிறார்கள். நான்கு எண்ணெய்களைச் சிறிதளவு வாங்கிக்கொள்ளுங்கள்: சி12-15 ஆல்கைல் பென்சோயேட், தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களிலிருந்து செய்யும் கேப்ரிலிக் கேப்ரிக் டிரைகிளிசரைடு, ஸ்குவாலேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வீட்டிலுள்ள விளக்கெண்ணெய். முன்கையின் உட்புறத்தில் பேனாவால் நான்கு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, ஒரே விரலால் இருபது சுற்றுத் தேயுங்கள். முதலாவது விரலை விட்டு ஓடுவதுபோல் பரவி, பொடி பூசியது போன்ற உலர்ந்த உணர்வை விட்டுச் செல்லும். இரண்டாவது நிதானமாகப் பரவும். மூன்றாவது பட்டுப் போல வழுக்கி நெடுநேரம் நிற்கும். விளக்கெண்ணெய் விரலோடு மல்லுக்கட்டும். பத்து நிமிடம் கழித்து அதே இடங்களை மறுபடி தொட்டுப் பார்த்து, என்ன உணர்ந்தீர்கள் என்பதைச் சொந்தச் சொற்களில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்களின் இந்த நடை வேறுபாட்டில்தான் கிரீமின் இதம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. விரைந்து பரவும் எண்ணெய் ஒன்றே இருந்தால், தொடக்கத்தில் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென விரல் தோலில் உராயத் தொடங்கும். மெதுவான எண்ணெய் ஒன்றே இருந்தால் கனமாகப் படிந்து முகம் மினுங்கும். மூன்று நடையும் கலந்திருந்தால், ஒன்று தேய்ந்து மறையும் வேளையில் மற்றொன்று கைகொடுக்க, தொடக்கத்திலிருந்து கடைசி வரை விரல் தடைப்படாமல் போகும். மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களுக்கு எண்ணெய்கள் மட்டும் மொத்தம் 10 முதல் 12 விழுக்காடு போதும். தில்லியின் தை மாதக் குளிருக்கு அது 18 வரை போகலாம்.

நீர்ப் பகுதியில் கவனிக்க வேண்டியது கிளிசரின். அது காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும் பொருளாகையால், காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் முகம் இரவு முழுதும் பிசுபிசுக்கும். நான் 3 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ஹயலூரானிக் அமிலத்தை 0.1 விழுக்காட்டுக்கு மேல் போட்டால் கிரீம் விரலிலிருந்து நூலாக நீளும்; வெண்டைக்காய்க் குழகுழப்பை நினைவூட்டும் அந்த உணர்வைப் பெரும்பாலோர் விரும்புவதில்லை.

மற்றொரு தொல்லை, தேய்க்கும்போது கிரீம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஷேவிங் சோப்புப் போல முகத்தில் நிற்பது. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் இணைக்கும் குழம்பாக்கியும், மெழுகு போன்ற சீட்டைல் ஆல்கஹாலும் அளவுக்கு மிஞ்சியிருப்பது இதற்குப் பெரும்பாலும் காரணம். கெட்டியாக இருந்தால்தான் கிரீம் உயர்தரமானது என்று எண்ணிப் புதியவர்கள் மெழுகைக் கூட்டுகிறார்கள். மெழுகைக் குறைத்து, டைமெத்திகோன் என்னும் சிலிக்கோனை 1 விழுக்காடு சேர்த்தால் வெண்மை பூப்பது அடங்கும். சிலிக்கோன் என்ற சொல்லைக் கேட்டே அஞ்சுவோர் பலர். முகக் கிரீமில் இந்த அளவு டைமெத்திகோன் தோலுக்குத் தீங்கு செய்வதில்லை.

வாங்குவதும் அளப்பதும்

மும்பையில் இருப்பவர்களுக்கு பிரின்சஸ் தெருவும் மஸ்ஜித் பந்தரை அடுத்த வட்காடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன; சிறு அளவில் வேண்டுவோருக்கு இணைய விற்பனையாளர்கள் உண்டு. எங்கே வாங்கினாலும் பொருளின் இன்கி பெயர் (அழகுசாதனச் சேர்மானங்களுக்கான பன்னாட்டுப் பெயர்), தொகுதி எண், காலாவதித் தேதி ஆகிய மூன்றும் பொட்டலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பகுப்பாய்வுச் சான்றை சி.ஓ.ஏ. என்று கேட்டாலே கடைக்காரருக்குப் புரியும். பெயரில்லாமல் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் "கிரீம் வாக்ஸ்" எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத குழம்பாக்கியை வைத்து எந்தப் பிழையையும் கண்டுபிடிக்க முடியாது.

0.01 கிராம் வரை காட்டும் தராசு, இரண்டு கண்ணாடிப் பீக்கர்கள், வெப்பமானி, பி.எச். தாள், கையில் பிடித்து அரைக்கும் ஸ்டிக் பிளெண்டர் ஆகியவை போதும். எல்லாவற்றையும் எடையால்தான் அளக்க வேண்டும். தேக்கரண்டிக் கணக்கு இந்த வேலைக்கு உதவாது. 100 கிராம் செய்தால் விழுக்காடும் கிராமும் ஒன்றாகிவிடுவதால் கணக்கு எளிது. தண்ணீர், வடித்த தண்ணீராக இருக்க வேண்டும். மும்பைக் குழாய்நீர் ஏரிகளிலிருந்து வரும் நல்ல நீர்தான்; ஆனாலும் அதிலுள்ள உப்புகளும் குளோரினும் கிரீமின் நிலைப்பைக் கெடுக்கக்கூடும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரைச் சிலர் வாங்கிவருகிறார்கள். அது முகத்துக்கெனச் சோதிக்கப்பட்டதன்று.

முதல் நூறு கிராம்

நீர்ப் பகுதிக்கு வடித்த தண்ணீர் 71.9 கிராம், கிளிசரின் 3 கிராம், கெட்டியாக்கும் சாந்தன் பிசின் 0.2 கிராம், உலோக உப்புகளைக் கட்டிவைக்கும் டைசோடியம் இ.டி.டி.ஏ. 0.1 கிராம், நியாசினமைடு 4 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பகுதிக்கு, கிளிசரில் ஸ்டியரேட்டும் பெக்-100 ஸ்டியரேட்டும் சேர்ந்த குழம்பாக்கி 4 கிராம், சீட்டைல் ஆல்கஹால் 1 கிராம், கேப்ரிலிக் கேப்ரிக் டிரைகிளிசரைடு 4 கிராம், ஸ்குவாலேன் 3 கிராம், சி12-15 ஆல்கைல் பென்சோயேட் 3 கிராம், டைமெத்திகோன் 1 கிராம். ஆறிய பிறகு சேர்ப்பவை பெப்டைடு கரைசல் 3 கிராம், பாக்குச்சியால் 0.5 கிராம், வைட்டமின் இ 0.3 கிராம், பினாக்சி எத்தனாலும் எத்தில்ஹெக்சில் கிளிசரினும் சேர்ந்த, நுண்ணுயிர் வளராமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் 1 கிராம். எல்லாம் கூட்டினால் சரியாக நூறு வரும்.

கைகளையும் மேடையையும் கழுவித் துடைத்துவிட்டு, பாத்திரங்களை 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் சன்னலை மூடிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்வது நல்லது. ஈரக் காற்றில் பூசண வித்துகள் எப்போதும் மிதக்கின்றன. ஆல்கஹால் முழுதும் காய்ந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

சாந்தன் பிசினைத் தண்ணீரில் நேராகத் தூவினால் கட்டி கட்டியாகத் திரண்டு, எவ்வளவு கலக்கினாலும் கரையாது. கேழ்வரகு மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டு பிறகு உலையில் ஊற்றுவதுபோல, முதலில் கிளிசரினில் பிசினைக் குழைத்து, அந்தக் குழைவைத் தண்ணீரில் சேர்த்துக் கலக்குங்கள், பிறகு இ.டி.டி.ஏ., நியாசினமைடு இரண்டையும் போடுங்கள். நீர்ப் பகுதி இருக்கும் பீக்கரை அப்படியே எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பகுதியை மற்றொரு பீக்கரில் எடுத்து, இரண்டையும் அகன்ற பாத்திரத்துக் கொதிநீரில் நிறுத்தி, 75 டிகிரி செல்சியஸ் வரும்வரை சூடாக்கி, அதே சூட்டில் இருபது நிமிடம் வையுங்கள். சூட்டில் ஆவியான தண்ணீரை, மறுபடி எடைபோட்டுப் பார்த்து, சூடான வடித்த நீரால் ஈடுசெய்ய வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. ஒவ்வொரு முறையும் கிரீமின் பதம் மாறிப்போவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான்.

இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது, எண்ணெயை நீரில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே பிளெண்டரை ஓட்டுங்கள். ஒன்று சூடாகவும் ஒன்று ஆறியும் இருந்தால், மெழுகு குருணையாக உறைந்து, கிரீம் திரிந்த மோர்க்குழம்புபோல ஆகிவிடும். பிளெண்டரின் தலை முழுதும் அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே தூக்கினால் காற்றை உள்ளிழுத்து நுரை தள்ளும். இருபது விநாடி ஓட்டி, சிறிது நிறுத்தி, இவ்வாறு ஆறேழு முறை செய்தால் போதும். காபி நுரைக்கும் சிறு கருவி இதற்கு ஏற்றதன்று; அது காற்றைத்தான் புகுத்தும், எண்ணெய்த் துளிகளை நுண்மையாக உடைக்காது. பால் போலிருந்த கலவை வெண்மை கூடிப் பளபளப்பதைக் காண்பீர்கள். அதன்பின் கரண்டியால் மெதுவாகக் கிளறிக்கொண்டே ஆறவிடுங்கள்.

சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், பாக்குச்சியாலையும் வைட்டமின் இ-யையும் ஒன்றாகக் கலந்து சேருங்கள். பிறகு பெப்டைடு கரைசல், கடைசியாகப் பிரிசர்வேட்டிவ். கிரீம் அப்போது நீர்க்க இருப்பதைப் பார்த்துப் பதறி மெழுகைக் கூட்ட வேண்டாம். மறுநாள் காலையில் குழைந்த தயிரின் பதத்துக்கு வந்துவிடும்.

பி.எச். பார்ப்பதற்கு, ஒரு பங்கு கிரீமை ஒன்பது பங்கு வடித்த நீரில் கலக்கித் தாளை நனையுங்கள். 5.5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் சரி. கூடியிருந்தால், நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தை ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலக்கி, மீண்டும் பார்க்க வேண்டும்.

பிரிசர்வேட்டிவ் பற்றி ஒரு சொல். வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைட்டமின் இ-யும் அந்த வேலையைச் செய்யும் என்று சொல்வதை நம்பாதீர்கள். வைட்டமின் இ எண்ணெய் காறிப்போவதைத் தடுக்கும். நுண்ணுயிர்களை அது தடுக்காது. தண்ணீர் இருக்கும் எந்தக் கிரீமிலும் பிரிசர்வேட்டிவ் இருந்தே ஆக வேண்டும். அதை இரட்டிப்பாகப் போடுவதும் பிழை. பினாக்சி எத்தனாலின் மேல்வரம்பு 1 விழுக்காடு. கையை விட்டு எடுக்கும் வாயகன்ற குப்பியைவிட, காற்றுப் புகாத பம்பு குப்பி மிகவும் பாதுகாப்பானது.

மணம் சேர்க்க ஆசை வரும். ஞாயிறு காலையில் மாட்டுங்காப் பூக்கடைகளைக் கடந்து வருபவர் எவருக்கும் மல்லிகை மணத்தில் ஒரு கிரீம் செய்யத் தோன்றும் என்பதை அறிவேன். முதல் இரண்டு தொகுதிகளில் மணமே வேண்டாம். தோல் எரிந்தால் எதனால் எரிந்தது என்று தெரியாமல் போய்விடும். பிறகு சேர்ப்பதானாலும் 0.1 விழுக்காடு போதும். எலுமிச்சை, பெர்கமாட் ஆகியவற்றின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய்களை முகக் கிரீமில் சேர்க்கவே கூடாது. வெயிலில் அவை தோலைப் பொசுக்கும்.

சோதித்துப் பார்த்தல்

செய்த கிரீமில் மூன்று சிறு குப்பிகளை ஒதுக்கி, ஒன்றைக் குளிர்பெட்டியிலும் ஒன்றை அலமாரியிலும் வையுங்கள். மூன்றாவதை ஓர் இரவு உறைபெட்டியிலும் ஒரு பகல் வெளியிலுமாக மூன்று சுற்று மாற்றி மாற்றி வையுங்கள். நீர் பிரிகிறதா, நிறம் பழுப்பேறுகிறதா, குருணை விழுகிறதா, மணம் மாறுகிறதா என்று வாரந்தோறும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகங்களில் 40 டிகிரியில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதற்கு இது ஈடாகாது. ஆயினும் பெரும் பிழைகள் இதிலேயே தெரிந்துவிடும்.

முகத்தில் பூசுவதற்கு முன், முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறையாக ஏழு நாள் பூசிப் பாருங்கள். சிலருடைய தோல் மூன்றாம் நான்காம் நாளில்தான் மறுப்பைக் காட்டுகிறது. ஆகவே ஒருநாள் சோதனையை நான் நம்புவதில்லை.

இதத்தைச் சோதிக்க உங்கள் தோல் மட்டும் போதாது. எண்ணெய் வடியும் முகம், உலர்ந்த முகம், ஐம்பதைத் தாண்டிய முகம் என்று மூவரையாவது கேளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், உங்கள் மனம் நோகாமலிருக்க "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக மூன்று கட்டங்களில் மூன்று கேள்விகள் கேட்கலாம். விரலில் எடுக்கும்போது நிற்கிறதா, வழிகிறதா? அரை நிமிடம் தேய்த்தபின் வெண்மை மறைந்துவிட்டதா? இருபது நிமிடம் கழித்துப் புறங்கையைக் கன்னத்தில் வைத்து எடுத்தால் ஒட்டுகிறதா? எங்கள் கட்டடத்து மாமி மூன்றாவது கேள்விக்குத் தலையணை உறையையே சான்றாகக் கொண்டுவந்தார். என் கிரீமில் கிளிசரினை 6 விழுக்காட்டிலிருந்து 3-க்கு நான் இறக்கியது அதன் பிறகுதான்.

அடுத்த தொகுதியில் ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கிளிசரினைக் குறைத்து, எண்ணெயையும் மாற்றி, மெழுகையும் கூட்டினால், கிரீம் நன்றாக அமைந்தாலும் எதனால் அமைந்தது என்று தெரியாது. தொகுதி எண், தேதி, ஒவ்வொரு பொருளின் எடை, அன்றைய வானிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

வீட்டில் செய்ததை விற்க எண்ணுபவர்கள், 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின் கீழும் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். மகாராஷ்டிரத்தில் இதை மாநில உணவு, மருந்து நிர்வாகம் வழங்குகிறது. சமையலறை மேடையில் செய்ததற்கு அந்த உரிமம் கிடைக்காது. உரிமம் உள்ள தொழிற்கூடத்தின் வழியாகச் செய்துகொள்ளலாம். நுண்ணுயிர்ச் சோதனையை ஆய்வகத்தில் செய்யாமல், தெரிந்தவர்களுக்குக்கூட விலைக்குக் கொடுக்காதீர்கள். பயன்படுத்துவோரைத் தவறாக நம்பவைக்கும் வாசகங்களையும் விதிகள் தடுக்கின்றன. "பத்து நாளில் இளமை" என்று உறையில் அச்சடிக்க இடமில்லை.

பலனைப் பார்ப்பதற்கு, முதல் நாளன்று காலையில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், முகம் கழுவிப் பத்து நிமிடம் கழித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்ததை நான்காம் வாரத்திலும், பின்னர் எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களிலும் எடுங்கள். இடையில் கண்ணாடி முன் நின்று நாள்தோறும் தேட வேண்டாம். மழைக்காலத்தில் தொடங்கியவர்கள் மேகமூட்ட நாளில் முதல் படத்தையும் ஐப்பசி வெயிலில் கடைசிப் படத்தையும் எடுத்து ஏமாந்துபோவதுண்டு. அதனால் மின்விளக்கை எரியவிட்டு, திரைச்சீலையை மூடிக்கொண்டு எடுப்பதே சரி. படத்தோடு குப்பியையும் ஒவ்வொரு முறையும் எடைபோடுங்கள். இரவுக்கு அரை கிராம் வீதம், நான்கு வாரத்தில் 14 கிராம் குறைந்திருக்க வேண்டும். 3 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால், உறுதிக்கான பொருளைக் கூட்டுவதற்கு முன், பூசிக்கொள்ள எது தடையாக இருந்தது என்று பூசிக்கொள்பவரிடம் கேளுங்கள்.